இடப்பக்க ஸ்பீக்கர்

ஆவடி குவார்ட்டர்ஸில் சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிறது. ஒயர்களை இடம் மாற்றிச் செருகியும் இடப்பக்க ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்க, அந்தோணிராஜ் அதன் பின்பலகையைக் கழற்றுகிறான். குப்பென்று அடிக்கும் மூத்திர நாற்றத்தில் அவன் மனைவி ஹில்டா மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். கருமம்! உள்ளே புழுக்கை, கடிபட்ட ஒயர், ரோமமில்லாமல் நெளியும் எலிக்குஞ்சுகள். அவற்றுக்கு மெத்தையாக, நீல ரிப்பனோடு, மகளின் ஞானஸ்நானத் தொப்பி, போன மாதம் காணாமல்போனது. அதைத் திருடிவிட்டாள் என்றுதான் வீட்டு வேலைக்கு வந்த பஞ்சவர்ணத்தைத் தெருவே பார்க்க மடியை உதறச் சொல்லித் துரத்தினாள் ஹில்டா. "எலி தூக்கினு வந்துகீது, அவ்ளோதான். வெளிய சொல்லாத," என்றபடி அவன் ஒயரை முறுக்கி ஒட்டுகிறான். இரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு கணீரென்று எழுகிறது. எதிர்வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கும் பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்க்கிறாள். ஹில்டா ஜன்னலைப் படாரென்று சாத்துகிறாள். நாற்றம் உள்ளேயே நிற்கிறது.