இருநூற்று நாற்பது புள்ளிகள்

உயிரின் விலை நாற்பத்தெட்டாயிரம், வரி தனி. அந்த விலையில் ஒரு சல்லிகூடக் குறைக்காமல் விற்றுப் பழகிய மேலாளருக்கு அன்று காலை நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

"அந்தப் பதினோரு பேரும் இருக்கவே கூடாது. பத்து மணிக்குள்ள முடிச்சிடு," என்றார் கதவைச் சாத்திக்கொண்டே.

எதிரே இருந்தவளுக்குக் கை நடுங்கியது. "பயமா இருக்கு சார்."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கா? வெளிய தெரிஞ்சா கம்பெனிக்குப் பூட்டு, எனக்குக் களி. முடிம்மா."

அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அந்தக் கம்பெனியின் இதய வால்வைப் பொருத்திக்கொண்டவர்கள் இருநூற்று நாற்பது பேர், ஆளுக்கொரு புள்ளி. பிழைத்திருப்பவர்கள் பச்சை. வால்வு சிக்கி இறந்தவர்கள் சிவப்பு.

சிவப்பு, பதினொன்று.

இப்படி வரைபடம் போடுவதுதான் அவள் வேலை. அலுவலகமே அவளைப் 'புள்ளி' என்றுதான் கூப்பிடும்.

"ஆளையே அழிச்சா எண்ணிக்கை இடிக்கும் சார். மொத்தம் இருநூத்து நாப்பதுன்னு ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தாச்சு."

"அழிக்காதே. வெள்ளைத் தாள்ல வெள்ளைப் புள்ளி வச்சா எவன் கண்ணுக்குத் தெரியும்? ஒண்ணு ரெண்டுன்னு எண்ணவா போறாங்க?"

நிரலில் மாற்ற வேண்டியது ஒரே வரி. சிவப்பு என்றிருந்த இடத்தில் வெள்ளை என்று தட்டினாள். பதினோரு பேரும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள், இரண்டாம் முறையாக.

தலைப்பு மட்டும் பச்சை எழுத்தில் நின்றது: 'மொத்தம் 240. பச்சை: உயிரோடு இருப்பவர்கள்.'

"படத்துக்குப் பின்னணி நிறம்னு எதுவும் போடலை சார். கண்ணாடி மாதிரி விட்டிருக்கேன். எது மேல வச்சாலும் ஒட்டிக்கும்."

"கெட்டிக்காரி!"

"அரசாங்கத்துல இருந்து ஆய்வுக்கு வர்ற மேடம் நேத்து போன்ல பேசினாங்க சார். கண் ஆபரேஷன் ஆகியிருக்காம். வெள்ளை வெளிச்சமே ஆகாதாம்."

மேலாளர் அன்று முதல் முறையாகச் சிரித்தார். "அரைப் பார்வையா? அப்போ பாதிக் கிணறு தாண்டியாச்சு!"

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார். படத்தைத் தம் மடிக்கணினியில் ஏற்றித் திறந்தார்.

அவருடைய விரல் திரையில் ஊர்ந்தது, உதடு அசைந்தது. எண்ணுகிறாரா? எண்ணட்டுமே, பச்சை மட்டும்தானே இருக்கிறது என்று மேலாளர் தமக்குத் தாமே தைரியம் சொல்லிக்கொண்டார்.

"இப்பல்லாம் நான் எதையும் கறுப்புத் திரையிலதான் பார்க்கறது," என்றபடி அதிகாரி மடிக்கணினியை மேலாளர் பக்கம் திருப்பினார்.

மேலாளர் திரையைப் பார்த்தார். பிறகு 'புள்ளி'யைப் பார்த்தார். அவள் கை நடுங்கவில்லை.

"பச்சை இருநூத்து இருபத்தொம்போது, வெள்ளை பதினொண்ணு," என்றார் அதிகாரி. "ஆக இருநூத்து நாப்பது. கணக்கு சரியா இருக்கு."