எட்டாவது துடிப்பு

அந்த இதயத்தின் ஒரு துடிப்பைக் கணக்கிட்டு முடிக்கக் கணினிக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. பெருந்தமனியில் பாயும் ரத்தத்தை ஒரு நிரல் கணக்கிடும்; அதற்கப்பால் உடலெங்கும் பிரியும் சிறு குழாய்களை இன்னொரு நிரல். இரண்டும் தங்கள் விடைகளை மாற்றிக்கொண்டு, ஒத்துப்போன பிறகுதான் அடுத்த நொடித்துளிக்கு நகரும்.

தமனியின் வடிவம் பதினேழாம் எண் நோயாளியின் ஸ்கேனிலிருந்து எடுத்தது. மருத்துவமனையில் பெயரை அழித்துத்தான் ஆய்வகத்துக்குத் தருவார்கள். ஆனால் அதன் வளைவில் இருந்த சிறு புடைப்பை, அந்த நிரல்களை ஓட்டும் பூங்கோதைக்குத் தெரியும். கணவன் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, டாக்டர் ஸ்கேன் படத்தில் அதைத்தான் பேனாவால் தொட்டுக் காட்டி, "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

"ஏழு துடிப்பு ஓடிருச்சு. நாலுக்கப்புறம் எல்லாம் ஒரே மாதிரிதான் வருது," என்றார் பக்கத்து இருக்கை இன்னாசி. "நீ நிறுத்தினா இதே மெஷின்ல நான் என்னோட கணக்கைப் போடுவேம்மா. வெள்ளிக்கிழமை குடுத்தாகணும்."

"இன்னும் ஒண்ணு மட்டும், சார்."

"அதுவும் இதே மாதிரிதானே வரப்போகுது?"

வரும். வடிவம் மட்டும்தான் அவனுடையது. துடிப்பு, புத்தகத்திலிருந்து அவளே எடுத்துப் போட்டது. ஆரோக்கியமான யாரோ ஒருவருடையது.

"எங்க வீட்டுக்காரர் நெஞ்சுல காது வெச்சுப் படுத்தா, ஏழு அடிச்சதும் ஒண்ணு விட்டுப்போகும் சார்."

இன்னாசி திரையின் மூலையில் இருந்த பதினேழு என்ற நோயாளி எண்ணைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் எட்டாவது துடிப்பின் கோடு புள்ளி புள்ளியாக ஏறத் தொடங்கியது.