பத்தாவது ஈசிஜி

மூன்றாவது தடவையும் கோடு தலைகீழாகத்தான் வந்தது.

மேலே நிமிர வேண்டிய முனைகள் கீழே குத்திக்கொண்டு நின்றன. இரண்டு கைகளின் ஒயரையும் மாற்றிப் போட்டால்தான் அப்படி வரும். முதல் வாரத்துப் பிள்ளைகள் செய்கிற தப்பு அது. நிவேதா ஈசிஜி டெக்னீஷியன் படிப்பை முடிக்கப் போகிறவள்.

சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை. மறுபடியும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

மரக்காணம் பள்ளிக்கூடத்தில் உப்பளத்து ஆட்களுக்கு இருதய முகாம். சுனாமி நிவாரணத்தில் வந்த இரும்புக் கட்டிலில் சவரியம்மாள் படுத்திருந்தாள். உப்பு வாரிவிட்டு நேரே வந்தவள். கணுக்கால் வெடிப்பில் இன்னும் வெள்ளை படிந்திருந்தது. வலது மார்பில் கையை வைத்துக்கொண்டு அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதும், பேசக் கூடாது, ஆடக் கூடாது என்று நிவேதா அந்தக் கையை இறக்கி வைப்பதுமாக அரை மணி நேரம் போயிருந்தது.

பயிற்சி தரும் சக்கரபாணி சார் கையெழுத்துப் போட்ட பத்து ஈசிஜி இருந்தால்தான் நாளை மறுநாள் பரீட்சைக்கு விடுவார்கள். ஒன்பது இருந்தது. முகாமில் சவரியம்மாள்தான் கடைசி ஆள். வெளியே வேன் தயாராக நின்றது.

சார் திரைக்கு வெளியே நின்றபடி தாளை வாங்கினார். ஆரம்பத்தில் ஒரு சாண் மட்டும் பார்த்தார். முதல் இரண்டைப் போலவே இதையும் கிழித்துப் போட்டார்.

"சோத்துக்கை பீச்சாங்கை தெரியாத உனக்கெல்லாம் எதுக்கும்மா இந்தப் படிப்பு?"

டீ குடிக்கப் போய்விட்டார்.

நிவேதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சார் மேல் கோபம், மெஷின் மேல் கோபம். மார்பில் எடுத்த கோடுகள் வேறு போகப் போகச் சிறுத்திருந்தன. மார்பில் தடவி வெயிலில் காய்ந்துபோன ஜெல்லியின் மேலும் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னபடி கிடக்காத இந்த அம்மாவின் மேல் எரிச்சலாக வந்தது.

கிளிப்பை வெடுக்கென்று பிடுங்கினாள். சவரியம்மாள் அவள் மணிக்கட்டைப் பற்றினாள். சொரசொரத்த கை. இழுத்துத் தன் வலது மார்பில் வைத்து அழுத்தினாள்.

உள்ளங்கையில் இடித்தது.

நிவேதா கையை இடது பக்கம் நகர்த்திப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"எனக்குப் பொறந்ததுலேர்ந்து இந்தப் பக்கம்தாம்மா அடிக்கும். சொல்ல வந்தா, நீ எங்க வாயத் தொறக்க வுட்ட?"

நிவேதா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தரையில் உட்கார்ந்து, மூன்று தாள்களின் துண்டுகளையும் ஒன்று விடாமல் பொறுக்க ஆரம்பித்தாள்.