இன்னும் ரெண்டு வெயில்

பாறை மேல மிளகு காயுது. வெயில் பட்ட பக்கம் கறுத்துச் சுருங்கியிருக்கு, மர நிழல் விழுந்த பக்கம் இன்னும் பச்சை. ஒண்ணை எடுத்துக் கடிக்கிறேன், நொறுங்காம நசுங்குது. இன்னும் ரெண்டு வெயிலாவது வேணும். இப்பவே மூட்டை கட்டினா பூசணம் பிடிச்சு ஒரு வருசப் பாடும் நாறிப்போகும். அது தெரிஞ்சும் என் மகன் தனபால் சாக்கோட வந்து நிக்கிறான், அதுவும் காலில் செருப்போட. மிளகு காயுற பாறையில எங்க ஆளுக யாரும் செருப்போட ஏற மாட்டோம். இவனுக்கு இன்னிக்கே வித்து, நாளைக்குப் புதுப் போன் வாங்கணுமாம். "இருக்கிற போனுக்கு என்னடா கேடு?" "படம் மங்கலா வருதுப்பா. உங்களுக்கு இதெல்லாம் புரியாது." "புதுசு வாங்கினா மட்டும் உம்மூஞ்சி மாறிடுமா?" மருமக கோகிலா சிரிப்பை அடக்கிக்கிட்டு அந்தப் போனை வாங்கித் திருப்புது. கேமரா மேல தலையெண்ணெயும் தூசியும் அப்பி, பலாப்பால் ஒட்டின மாதிரி பிசுபிசுன்னு இருக்கு. முந்தானையால அழுத்தித் துடைச்சு, குனிஞ்சு மிளகை ஒரு படம் பிடிக்குது. "ஏனுங்க, இப்பப் பாருங்க." ஒவ்வொரு மணியோட சுருக்கமும் தனித்தனியாத் தெரியுது, நடுவுல ஊருற எறும்பு கூடத் தெரியுது. தனபால் பாக்குறான். ரொம்ப நேரம் பாக்குறான். "நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் பழசுதானே"ங்கிறான். அப்புறம் சாக்கை உதறி, பச்சைன்னும் கறுப்புன்னும் பாக்காம, ரெண்டு கையாலயும் வாரிப் போடுறான்.