சிலோன் ஊசி

“உங்க குடம் இந்தத் தண்ணியில படக்கூடாது. எடுத்துட்டுப் போங்க.”

மாராத்தா வழியை மறித்து நின்றாள். இடுப்பில் குடத்தோடு வந்த அன்னக்கிளிக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னக்கா இது? நேத்து வரைக்கும் இங்கதான புடிச்சோம்?”

“நேத்து வேற, இன்னிக்கு வேற. கப்பல்ல வந்தவங்களுக்கு இங்க தண்ணி கெடையாது. வேணும்னா கீழ ஆத்துக்குப் போங்க.”

நீலகிரியில் குந்தாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் குடிதண்ணீருக்கு இருந்தது ஓர் ஊற்றுதான். பழைய லைன்காரர்கள் தலைமுறையாக அங்கே பிடித்தார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்து புது லைன் வீடுகளில் குடியேறியவர்களும் இரண்டு வருடமாக அங்கேதான் பிடித்தார்கள்.

“ஊத்து என்ன, நீ வெட்டுனதா?” என்று அன்னக்கிளி கேட்டுவிட்டாள்.

மாராத்தா குடத்தைப் பிடுங்கிக் கல்லில் போட்டாள். மண்குடம் சில்லுச் சில்லாகப் போனது.

அவளுக்குப் பின்னால் பழைய லைன் முழுக்கத் திரண்டு நின்றது. அவள் புருஷன் சின்னராஜ் கையில் தடி வைத்திருந்தான்.

அன்று முதல் சிலோன்காரப் பெண்கள் சரிவில் இறங்கி ஆற்றுக்குப் போனார்கள். மழைக்காலம், ஆறு கலங்கல். வடிகட்டி, கொதிக்க வைத்துத்தான் வாயில் வைக்க முடிந்தது. ஒவ்வொரு குடத்துக்கும் மாராத்தாவைச் சபித்தார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பழைய லைனில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. காலையில் கொழுந்து பறித்தவர்கள் சாயங்காலம் படுத்தார்கள், மறுநாள் இல்லை. சின்னராஜும் போய்விட்டான்.

புது லைனில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டீக்கடையில் எந்நேரமும் இதே பேச்சு. அன்னக்கிளியின் புருஷன் ராஜரத்தினமும், எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார் தேவநேசனும் பேப்பரை நடுவில் வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள்.

“காலரா ரெண்டு நாட்டுலயும்தான் இருக்கு. அங்க செத்தது கம்மி, இங்க அதிகம்னு சும்மா சொல்லக்கூடாதுங்க, ராஜரத்தினம். மொத்த ஜனத்துல எத்தனை பேருக்கு எத்தனைன்னு பாக்கணும்.”

“எப்புடி வேணும்னாலும் பாருங்க வாத்தியாரய்யா. அங்க ஒரு லயத்துல, அதான் நீங்க லைன்ங்கிறீங்களே, அதுல ஒருத்தனுக்கு வயித்தால போச்சுன்னா, தோட்டத்து டாக்டரய்யா அம்புட்டு லயத்துக்கும் ஊசி போட்டுட்டுத்தான் ஒக்காருவாரு. இங்க பொணத்தத் தூக்குன பொறகுதான் பவுடர் தூவுறாங்க.”

“ஊசிதான் காப்பாத்துதுன்னா அங்க ஒருத்தர்கூட செத்திருக்கக் கூடாதே?”

“எங்க லயத்தப் பாருங்க. ஒரு சாவு உண்டா? கப்பல் ஏறுறப்போ போட்ட சிலோன் ஊசிங்க அது.”

பெஞ்சின் ஓரத்தில் இருந்த பழைய லைன்காரர் ஒருவர் முணுமுணுத்தார். “ஊசிய அவங்க போட்டுக்கிட்டு, நோவை நமக்குக் கொண்டாந்துட்டாங்க.”

ராஜரத்தினத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

“நோவ நாங்க கொண்டாரல. குடிக்கிற தண்ணிய மறிச்சாளே ஒருத்தி, அவ வீட்டுலயே எழவு விழுந்துச்சா இல்லியா? ஆண்டவன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்.”

தேவநேசன் பேப்பரை மடித்தார். “புருஷனைப் புதைச்ச ஈரம் காயலைங்க. அப்படிச் சொல்லாதீங்க.”

ராஜரத்தினம் அதைக் காதில் வாங்கவில்லை.

ஊட்டியிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். பழைய லைன், புது லைன் எல்லாம் சுற்றினார். மேட்டில் ஏறிப் பார்த்தார். ஊற்றைச் சுற்றி முள் அடைக்கச் சொல்லிவிட்டு, புது லைனுக்குத் திரும்பி வந்தார்.

ராஜரத்தினம் முன்னால் போய் நின்றான். “எங்களக் காப்பாத்துனது சிலோன் ஊசிதானுங்களே, ஐயா?”

“எப்பப் போட்டது?”

“ரெண்டு வருஷமாச்சுங்க.”

“அந்த ஊசி ஆறு மாசம் தாங்கினாலே பெரிசு. மேல கக்கூஸ் பக்கம் மண்ணு சரிஞ்சு, எல்லாம் அந்த ஊத்துல கலந்திருக்கு. அதைக் குடிக்காததாலதான் நீங்க உயிரோட இருக்கீங்க. யார் உங்களை ஆத்துக்கு அனுப்பினது?”

“மாராத்தா அக்காங்க,” என்றாள் அன்னக்கிளி.

அன்றைக்கே ராஜரத்தினமும் அவளும் மாராத்தா வீட்டுக்குப் போனார்கள். அவள் வாசற்படியில் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, அந்தத் தண்ணி கெட்டுப்போனது ஒங்களுக்குத் தெரியுமா?”

“வெறகுக்கு மேல போனப்பப் பாத்தேன், அம்மிணி. பொறந்த ஊர்ல இந்தப் பேதியில கூடப்பொறந்தவங்கள வாரிக் குடுத்தவ நானு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏங்க்கா, ஒங்க ஆளுககிட்டச் சொல்லல?”

“ஊடு ஊடாப் போயிச் சொன்னேன். மேஸ்திரிகிட்டச் சொன்னேன், மழை நிக்கட்டும்னாரு. எங்க ஊட்டுக்காரர் கால்ல விழுந்தேன். பாட்டன் காலத்துல இருந்து குடிக்கிற தண்ணின்னு சிரிச்சுட்டு, எம் முன்னாலயே மொண்டு குடிச்சாரு. சரி, மத்த உசுராச்சும் மிஞ்சட்டும்னுதான் உங்க வழிய மறிச்சேன்.”

ராஜரத்தினம் தலை நிமிரவில்லை. “எங்ககிட்டயாச்சும் வெவரத்தச் சொல்லியிருக்கலாமேங்க.”

“சொல்லிப் பாத்தவ தானுங்க, தம்பி. அந்தத் தண்ணியக் குடிக்காதீங்கன்னு நான் அழுதப்ப ஒரு சனம் எந்திரிச்சு வரலை. சிலோன்காரங்கள வெரட்டோணும்னு சொன்னேன், லைனே எங்கூட வந்து நின்னுச்சு.”