பேச்சியின் குடம்

எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில், கரமனை ஆற்றோரக் காலனியின் தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன பேச்சி வழுக்கி விழுந்து செத்துப்போனாள். குழாயடி வரிசையில் இடம் பிடிக்க அவள் வைத்திருந்த குடத்தை நகர்த்த யாருக்கும் மனசு வரவில்லை. அன்று முதல் அந்தக் குடம் மட்டும் விடியும்போது நிறைந்திருக்கும். அடியில் ஆற்றுமணல் கிடக்கும்.

புகார்மேல் புகார் போய், ஒருவழியாக கவுன்சிலிலிருந்து ஓவர்சியர் வந்தார். மகானுபாவன் குழாயைத் திருகிக்கூடப் பார்க்கவில்லை. பேச்சியின் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீரைக் கண்டு, புகார் எதற்கென்று மலையாளத்தில் கேட்டார்.

"வெள்ளம் உண்டல்லோ! பின்னே எந்தா பராதி?"

"சார், அது செத்துப்போன என் பொஞ்சாதி குடம்," என்றான் இசக்கிப்பாண்டி.

"யாருடையதானாலும் வெள்ளம் வெள்ளம்தன்னே."

கவுன்சில் கூடியது. காலனியில் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை என்று எல்லாரும் கை தூக்கினார்கள். புதுக் குழாய் வேறு வார்டுக்குப் போயிற்று.

சேதி கேட்ட இசக்கிப்பாண்டி குழாயடியில் நின்று கத்தினான்: "அப்போ இனி தெருவுக்கே அவ சுமக்கணும்னு சொல்லுதானுவளா?"

மறுநாள் விடிந்தபோது வரிசையில் எல்லாக் குடமும் தளும்பிக்கொண்டிருந்தது. பேச்சியின் குடம் மட்டும் காலியாக, சொட்டச் சொட்ட நனைந்து, கடைசியில் கிடந்தது.