சிவப்பாகப் பிறக்க

"குடிப்பீங்களா?" என்று டாக்டரம்மா முதலில் அவனைத்தான் கேட்டார்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மற்ற கேள்விகளுக்கெல்லாம் திணறியவனுக்கு இது ஒன்றுதான் தெரிந்த கேள்வி. பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, பாட்டில் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுத்தவனில்லை. பெண் கொடுத்தபோது மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டதும் அதைத்தான்.

இல்லைங்க என்றான்.

டாக்டரம்மா தாளில் ஒரு கோடு போட்டார். பிறகு அவன் மனைவியின் பக்கம் திரும்பி, அதே குரலில் கேட்டார். வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஏதாவது குடித்தீர்களா? பிராந்தி, கள், எதுவானாலும் சொல்லுங்கள்.

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் பார்வையை மகள் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சஷ்டிகா கீழே பாயில் மரக்கட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். நாலு வயது முடிந்துவிட்டது. பார்ப்பவர்கள் இரண்டரை என்பார்கள். நடக்கவே இரண்டு வயதுக்கு மேல் ஆனது. நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்று நினைவில் இருக்காது. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஆனால் முன்பின் தெரியாத யார் கையை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

டாக்டரம்மா அவள் தலையை நாடாவால் இரண்டு முறை அளந்திருந்தார். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே விரலால் தடவிப் பார்த்திருந்தார். எல்லோருக்கும் அங்கே ஒரு சிறு பள்ளம் இருக்கும். அவளுக்கு இல்லை.

நாலு வருஷமாக அவன் முத்தம் கொடுத்த முகம் அது. கவனித்ததே இல்லை.

"கள்ளு குடிச்சனுங்க," என்றாள் கோகிலவாணி. "மூணாம் மாசத்துல இருந்து, தெனமும். எனக்கு ஆசையா இருந்துச்சுங்க. நானாத்தான் குடிச்சன்."

பொய்.

அவளுக்கு அந்த வாடையே ஆகாது. தினமும் காலையில் எல்லை தாண்டிக் கேரளத்துக் கள்ளுக்கடைக்கு மொபெட்டில் போனவன் அவன். தூக்குப்போசி நிறைய வாங்கி வந்தவன் அவன். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றவனும் அவன்தான்.

ஒருநாள் அப்படியே வாந்தி எடுத்துவிட்டாள். முகத்தைக் கழுவிவிட்டு, இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தான்.

அன்பாகத்தான் கொடுத்தான். அதை நினைக்கத்தான் இப்போது உடம்பு கூசியது.

அவன் நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் கரிச்சட்டி. தென்னந்தோப்பு வேலைக்குப் போன இடத்திலும் அந்தப் பெயர் கூடவே வந்தது. தன் பிள்ளையை ஒருத்தரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நினைத்தான். குங்குமப்பூவெல்லாம் வசதியுள்ளவர்கள் வீட்டுச் சமாச்சாரம். கள் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும், உடம்புக்கும் குளிர்ச்சி, மரத்துப் பால்தானே என்று தோப்பில் பேசிக்கொண்டார்கள். நம்பினான். பிராந்தி என்றிருந்தால் தொட்டிருக்கவே மாட்டான். குடி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பான ஆள்.

சஷ்டிகா சிவப்பாகத்தான் பிறந்தாள்.

அம்மாவின் நிறம் என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அது தன் சாமர்த்தியம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

டாக்டரம்மா பொறுமையாகவே பேசினார். வயிற்றுப் பிள்ளைக்குக் கள்ளும் ஒன்றுதான், சாராயமும் ஒன்றுதான். அம்மா குடித்தது பிள்ளையின் மூளைவரை போயிருக்கிறது. அதைத் திருப்பி எடுக்க முடியாது. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டி வந்தால் பேச்சு தெளியும், கை பழகும், கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து கவனிப்பாள். பிடிவாதம் என்று நினைத்து அடிக்காதீர்கள்.

அவன் அடித்திருக்கிறான். பொத்தான் போடத் தெரியவில்லை என்று போன வாரம்கூட அடித்தான்.

எழுதிக்கொண்டிருந்தவர் நடுவில் ஒருமுறை கோகிலவாணியை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்கு வந்திருக்க வேண்டியது.

நான்தான் கொடுத்தேன். இரண்டே வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்?

டாக்டரம்மா அவனிடம் திரும்பினார்.

"கெட்ட பழக்கம் இல்லாத ஆளா இருக்கீங்க. அடுத்த பிள்ளைக்காவது நீங்கதான் இவங்களைப் பாத்துக்கணும்."

"பாத்துக்கறனுங்க," என்றான்.

சொல்லி முடித்ததும் செத்துப்போகலாம் போல இருந்தது.

கோகிலவாணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவுவரை போனவள் நின்றாள்.

"டாக்டரம்மா, இவரு தங்கச்சி அஞ்சு மாசமா இருக்குதுங்க. எங்க பாப்பா நெறத்தப் பாத்துட்டு அதுவும் தெனமும் கள்ளு குடிக்குது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவங்களுமா என்றார். பிறகு, யார்தான் உங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டார்.

இந்தமுறை கோகிலவாணி பதில் சொல்லவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டபடி நின்றாள்.

இன்று காலையிலும் தங்கை வீட்டில் கள் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் இங்கே வந்திருந்தான். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு மேல்தான் அவள் குடிப்பாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை.

அவன் எழுந்து நின்றான்.